அடுப்பு இல்லாத உணவகத்தில் நெருப்பின் வேலையை யார் பார்க்கிறார்கள்?

சூப் வெதுவெதுப்பாகத்தான் வரும். ஆறிப்போய்விட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அதற்கு மேல் சூடாக்க அந்தச் சமையலறையின் விதியில் இடமில்லை. சமைக்காத தாவர உணவை மட்டும் பரிமாறும் ரா வீகன் உணவகத்துக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் தடுமாறும் முதல் இடம் பெரும்பாலும் இதுதான். நானும் முதல் தடவை ஒரு வாய் குடித்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பரிமாறியவரை ஒருமாதிரி பார்த்தேன். அவருக்கு அந்தப் பார்வை பழகியது போலிருக்கிறது. "45 டிகிரி, அவ்வளவுதான் சார்" என்று சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

45 டிகிரி செல்சியஸ் என்பது நம் உடம்புச் சூட்டைவிட எட்டு டிகிரிதான் அதிகம். வெந்நீர்க் குளியலின் சூடு என்று வைத்துக்கொள்ளலாம். நாம் ஆற்றி ஆற்றிக் குடிக்கும் பானங்கள் எல்லாம் 60-க்கு மேல்தான் கைக்கு வருகின்றன. ஆகவே நாக்கு இதைச் 'சூடு' என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அந்த 45-க்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது, ஒரு வரலாறு இருக்கிறது, கொஞ்சம் கற்பனையும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால் மெனு புரியும். பில் ஏன் அவ்வளவு வந்தது என்பதும் புரியும். எதை நம்பலாம், எதைச் சிரித்துக்கொண்டே தள்ளிவிடலாம் என்றும் பிடிபடும்.

முதலில் பெயர். வீகன் என்ற சொல் 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் உருவாக்கியது. இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், நெய், தேன் என விலங்குகளிடமிருந்து வரும் எதுவும் கிடையாது. அதன் மேல் 'ரா' என்று இன்னொரு வேலி போட்டால் ரா வீகன். அதாவது தாவர உணவுதான், அதுவும் ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் போகாதது. அந்தக் குறிப்பிட்ட வெப்பம் எவ்வளவு என்பதில்தான் ஒற்றுமை இல்லை. கறாரானவர்கள் 40 டிகிரி என்பார்கள். சிலர் 42. பரவலாகச் சொல்லப்படும் உச்சவரம்பு 118 பாரன்ஹீட், நம் கணக்கில் ஏறக்குறைய 48. பச்சைக் காய்கறியைக் கடித்துத் தின்பதுதான் ரா உணவு என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். தட்டில் வருவது லசாஞ்ஞா (மாவுத் தகடுகளை அடுக்கிச் செய்யும் இத்தாலிய உணவு) என்பார்கள், சீஸ் என்பார்கள், சாக்லேட் கேக் என்பார்கள். சாலட் ஒரு ஓரத்தில் இருக்கும்.

இந்த வெப்ப வரம்புக்குச் சொல்லப்படும் காரணம் நொதிகள், அதாவது என்சைம்கள். எட்வர்ட் ஹவல் என்ற அமெரிக்க மருத்துவர் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு வாதத்தை வைத்தார். பச்சை உணவில் அதைச் செரிக்க வைக்கும் நொதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. சமைத்தால் அவை செத்துவிடுகின்றன. அப்புறம் உடம்பு தன் சொந்த இருப்பிலிருந்து நொதிகளைச் செலவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த இருப்பு தீரத் தீர நோயும் முதுமையும் வருகின்றன. கேட்பதற்கு வங்கிக் கணக்கு மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. இன்றும் பல ரா உணவகங்களின் மெனு அட்டையின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கைக் காணலாம்.

ஆனால் உடம்பு அப்படி இயங்குவதில்லை. நொதிகள் புரதங்கள். நம் செரிமான நொதிகள் பிறக்கும்போதே அளந்து வைக்கப்பட்ட சேமிப்பு அல்ல. உடம்பு அவற்றை நாள்தோறும் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. செடியின் நொதிகளோ செடியின் வேலைக்காக உண்டானவை. அவற்றில் பெரும்பகுதி நம் இரைப்பையின் கடும் அமிலத்தில் விழுந்ததும் மற்றப் புரதங்களைப் போலவே உருக்குலைந்து செரித்துப்போகும். வரம்பு எண்ணும் இயற்கை போட்ட கோடு அல்ல. ஒவ்வொரு நொதியும் ஒவ்வொரு வெப்பத்தில் செயலிழக்கிறது. பப்பாளியின் பப்பைன் 60 டிகிரியைத் தாண்டியும் தெம்பாக வேலை செய்யும். எல்லா நொதிகளும் 48-ல் கூட்டமாகச் சாவதாகச் சொல்வது வசதிக்காகச் சொல்வது.

இதைச் சொல்லிவிட்டு உடனே ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. புரோக்கோலி, முட்டைக்கோஸ் வகையறாவில் மைரோசினேஸ் என்ற நொதி இருக்கிறது. இலையை நறுக்கும்போதோ மெல்லும்போதோ செல்கள் உடைந்து, அது அங்கேயே இருக்கும் இன்னொரு பொருளோடு கலந்து சல்ஃபோராஃபேன் என்ற சேர்மத்தை உண்டாக்கும். ஆய்வாளர்கள் ஆர்வமாகப் பார்க்கும் சேர்மம் அது. கொதிக்க வைத்தால் நொதி போய்விடும், சல்ஃபோராஃபேனும் குறைந்துவிடும். பூண்டை நசுக்கும்போது வரும் அந்தக் காரமான வாசனையும் இதேபோல ஒரு நொதியின் வேலைதான். வைட்டமின் சி-யும் வெப்பத்தில் குறையும், கொதித்த நீரோடும் போகும். எனவே பச்சையாகச் சாப்பிடுவதில் பலன் இல்லாமல் இல்லை. மறுபக்கம் தக்காளியின் லைக்கோப்பீனையும் கேரட்டின் பீட்டா கரோட்டீனையும் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்வது சமைத்த பிறகுதான், அதுவும் கொஞ்சம் எண்ணெயோடு. காய்க்குக் காய் கணக்கு மாறுகிறது. ஒரே எண்ணில் அடக்க முடியாது.

உணவகத்துக்கு வருவோம். ரா உணவு முதலில் உணவகத்தில் பிறக்கவில்லை, சிகிச்சை நிலையத்தில் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் மாக்சிமிலியன் பிர்ச்சர்-பென்னர் என்ற மருத்துவர் 1900 வாக்கில் தன் நோயாளிகளுக்குத் துருவிய ஆப்பிளையும் ஊறிய ஓட்ஸையும் கொடுத்துக்கொண்டிருந்தார். நாம் இன்று மூஸ்லி என்று வாங்குவது அதன் பேரப்பிள்ளை. செடி சேமித்து வைத்த சூரிய ஒளியே உணவின் சாரம், சமைத்தால் அது போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை. (அந்த மூல மூஸ்லியில் சுண்டிய பால் உண்டு; ஆக அது வீகன் அல்ல, முழுக்க ராவும் அல்ல.) பிறகு லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆன் விக்மோர், பாஸ்டனில் ஹிப்போகிரட்டீஸ் நிலையத்தை நடத்தினார். கோதுமைப்புல் சாறு, முளைகட்டிய தானியம், முளைத் தானியத்தை நீரில் புளிக்க வைத்து எடுக்கும் 'ரெஜுவெலாக்' என்ற பானம் ஆகியவற்றை ரா உலகத்துக்குள் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு. நோய்களைக் குணப்படுத்துவதாக அவர் சொன்னவற்றுக்கு மருத்துவச் சான்று இருந்ததில்லை. ஆனால் அவர் பிரபலமாக்கிய ரெஜுவெலாக்கை வைத்துத்தான் பல உணவகங்கள் பின்னால் முந்திரி சீஸைப் புளிக்க வைத்தன. மருந்தாக வந்தது சமையல் நுட்பமாகத் தங்கிவிட்டது.

இது மேசைவிரிப்புக்கும் ஒயின் கோப்பைக்கும் வந்து சேர்ந்தது கலிபோர்னியாவில். லார்க்ஸ்பர் என்ற ஊரில் ராக்ஸான் கிளைன் 2001-ல் 'ராக்ஸான்ஸ்' உணவகத்தைத் திறந்தார். சிகாகோவின் பெரும்பெயர் பெற்ற சமையல் கலைஞர் சார்லி ட்ராட்டர் அவரோடு சேர்ந்து 2003-ல் ஒரு சமையல் புத்தகமே எழுதினார் என்றால், தொழில்முறைச் சமையல் உலகம் இதை எவ்வளவு மதித்துப் பார்த்தது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் உணவகம் 2004-ல் மூடப்பட்டது. அதே ஆண்டு நியூயார்க்கில் மேத்யூ கென்னியும் சர்மா மெல்ங்கெய்லிஸும் 'ப்யூர் ஃபுட் அண்ட் ஒயின்' உணவகத்தைத் தொடங்கினார்கள். அங்கே புகழ்பெற்ற உணவு, சுக்கினியும் (வெள்ளரி போலிருக்கும் பூசணி வகைக் காய்) தக்காளியும் அடுக்கிய லசாஞ்ஞா. மாவுத் தகடுகளுக்குப் பதிலாக மெல்லச் சீவிய சுக்கினி, சீஸுக்குப் பதிலாக அரைத்த கொட்டை, இடையில் பிஸ்தாவும் துளசி வகை இலையும் சேர்ந்த பச்சை விழுது. ரா உணவகம் என்றால் இன்று உலகம் முழுவதும் மெனுவில் எதிர்பார்க்கும் உணவுக்கு அதுதான் அச்சு. அந்த இடமும் 2015-ல் நின்றுபோனது. கென்னி பிற்காலத்தில் சமைத்த தாவர உணவுக்கும் போனார். தொழில் முழுவதுமே ஏறக்குறைய அந்தத் திசையில்தான் நகர்ந்தது. இன்று 'முழுக்க ரா' என்று பலகை மாட்டிய இடங்களைவிட, வீகன் மெனுவில் நாலைந்து ரா வகைகளைச் சேர்த்து வைக்கும் இடங்களே அதிகம் கண்ணில் படுகின்றன.

ஏன் அப்படி? என் பதில் எளிது: நெருப்பைப் போல மலிவான வேலைக்காரன் வேறு கிடையாது. நெருப்பு ஒரே நேரத்தில் ஐந்தாறு வேலை பார்க்கிறது. கடினமானதை மெத்தென்று ஆக்குகிறது, மாவுச்சத்தை வேகவைக்கிறது, நீரை வற்றவைக்கிறது, கிருமியைக் கொல்கிறது, சில நச்சுகளை உடைக்கிறது, அப்புறம் பொன்னிறமாக வறுபட்ட அந்த வாசனையையும் கொடுக்கிறது. சில நிமிடங்களில். அந்த வேலைக்காரனை வெளியே அனுப்பிவிட்டால் அத்தனை வேலைக்கும் தனித்தனியாக ஆள் போட வேண்டும். ரா உணவகம் என்பது அந்த ஆட்கள் சேர்ந்து நடத்தும் கடை.

மெத்தென்று ஆக்கும் வேலையைக் கத்தியும் உப்பும் பார்க்கின்றன. சுக்கினியைச் சுருள்சுருளாகச் சீவி உப்புப் போட்டு வைத்தால், நீர் வெளியேறிக் கால் மணி நேரத்தில் துவண்டுவிடும். நார்நாரான கேல் கீரையை உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கையால் பிசைவார்கள். செல்கள் உடைந்து, வதக்கியது போலவே சுருங்கும். காளானை எண்ணெயிலும் புளிப்பிலும் ஊறவைத்தால் வறுத்த காளானின் வழவழப்பு வந்துவிடும். உறையவைத்து எடுப்பதும் ஒரு தந்திரம். பனிக்கட்டிப் படிகங்கள் செல்சுவரைக் கிழித்துவிடுவதால், பனி உருகியதும் காய் வெந்தது போலத் தொய்ந்துவிடும்.

பாலின் வேலையைக் கொட்டைகள் பார்க்கின்றன, குறிப்பாக முந்திரி. சில மணி நேரம் ஊறிய முந்திரியை அதிவேக பிளெண்டரில் அரைத்தால் க்ரீம் மாதிரி வழுவழுவென்று வரும். முந்திரியில் மாவுச்சத்தும் கொழுப்பும் சேர்ந்தே இருப்பதுதான் காரணம். அதில் நல்ல நுண்ணுயிரைச் சேர்த்து ஒன்றிரண்டு நாள் வைத்தால் புளித்துச் சீஸ் ஆகிவிடும். கேக்கைக் கெட்டியாக்குவது முட்டையும் அடுப்பும் அல்ல, குளிர்சாதனப் பெட்டி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உருகும், கோகோ வெண்ணெய் 34 வாக்கில். இந்த இரண்டையும் சேர்த்து அரைத்துக் குளிரவைத்தால் துண்டு போடுமளவு இறுகிவிடும். அதனால்தான் ரா சீஸ்கேக் மேசைக்கு வந்த கால் மணி நேரத்தில் தளர ஆரம்பிக்கிறது. பேச்சுக் கச்சேரியைப் பிறகு வைத்துக்கொண்டு அதை முதலில் சாப்பிட்டுவிடுவது நல்லது.

ரொட்டியும் பிஸ்கட்டும்தான் பெரிய கதை. மாவைப் பிணைக்கக் கோதுமையின் பசைப்புரதமான குளூட்டன் இல்லை, வேகவைக்க அடுப்பு இல்லை. இங்கே ஆளி விதை கைகொடுக்கிறது. ஊறவைத்தால் அதன் தோலிலிருந்து கொழகொழப்பான பசை வரும். சியா விதையும் அப்படித்தான். அந்தப் பசையில் காய்கறிக் கூழையும் விதைகளையும் பிசைந்து, தட்டில் மெல்லியதாகப் பரப்பி, டீஹைட்ரேட்டரில் வைப்பார்கள். டீஹைட்ரேட்டர் என்பது அடுக்கடுக்கான தட்டுகளுக்குள் வெதுவெதுப்பான காற்றை விசிறியால் ஓடவிடும் பெட்டி. 45 டிகிரியில் ஒரு பக்கம் காய ஏழெட்டு மணி நேரம், திருப்பிப் போட்டு இன்னொரு ஏழெட்டு மணி நேரம். நீங்கள் இரவு 8 மணிக்குக் கடிக்கும் பிஸ்கட்டை முந்தின நாளே தொடங்கியிருக்கிறார்கள். அந்த முந்திரி சீஸை அதற்கும் முந்தின நாள்.

பில்லின் ரகசியம் இதுதான். காய்கறி நறுக்கிக் கொடுப்பதற்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. காய்கறிக்கு அல்ல, இரண்டு நாள் நேரத்துக்கும் கிலோ கணக்கில் போகும் கொட்டைகளுக்கும் ஆட்களுக்கும்தான் அந்தத் தொகை. இன்னொன்றும் உண்டு. சாதாரண உணவகத்தில் திடீரென்று 20 பேர் வந்தால் இன்னொரு அடுப்பைப் பற்றவைக்கலாம். இங்கே பிஸ்கட் தீர்ந்தால் தீர்ந்ததுதான், நாளைக்குத்தான் அடுத்தது. அதனால் மெனுவில் உள்ளது 'இல்லை' என்று சொல்லப்படுவது இங்கே அடிக்கடி நடக்கும். அதே சமயம் கையிருப்பில் உள்ளது சட்டென்று வந்துவிடும், தட்டில் அடுக்குவது மட்டும்தானே பாக்கி.

ஈடுகட்ட முடியாத வேலைகளும் உண்டு. முதலாவது மாவுச்சத்து. நீரோடு சேர்ந்து சூடாகும்போதுதான் அது உப்பி, நம் குடல் எளிதில் செரிக்கும் நிலைக்கு வரும். அதனால்தான் ரா மெனுவில் அரிசி என்றால் உதிர்த்த காலிஃபிளவர், நூடுல்ஸ் என்றால் சுக்கினி, உருளைக்கிழங்கு இருக்காது. இரண்டாவது அந்த வறுபட்ட வாசனை. பிரெஞ்சு வேதியியலாளர் மைலார்ட் 1912-ல் விவரித்த வினை அது. சர்க்கரையும் அமினோ அமிலமும் வேகமாகச் சேர்ந்து பழுப்பாவதற்கு 140 டிகிரி வாக்கில் வேண்டும். 45 டிகிரியில் அது நடக்கக் காத்திருந்தால் கடையை மூட வேண்டியதுதான். நல்ல ரா சமையல்காரர் இதைச் சுற்றிக்கொண்டு போகிறார். வெயிலில் காய்ந்த தக்காளி, உலர்ந்த காளான், பேரீச்சை, புளித்த பொருள்கள் எனச் செறிவான சுவைகளை வைத்து அந்தப் பள்ளத்தை நிரப்புகிறார். சுமாரான சமையல்காரர் எல்லாவற்றிலும் இன்னும் கொஞ்சம் முந்திரியைப் போடுகிறார். இரண்டு பேரையும் மூன்றாவது தட்டில் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கொள்கை கறாராக இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டால் அது வேடிக்கையான விளையாட்டு. ரா சமையலறையின் ராஜாவான முந்திரியிலிருந்தே ஆரம்பிக்கலாம். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் தோலைக் கொப்புளிக்க வைக்கும் எண்ணெய் இருக்கிறது. அதற்காகக் கொட்டையை ஓட்டோடு ஆவியில் வைத்தோ வறுத்தோதான் பெரும்பாலான ஆலைகளில் உடைக்கிறார்கள். கடையில் 'பச்சை' முந்திரி என்று விற்றால், உடைத்தெடுத்த பருப்பு வறுபடவில்லை என்பதுதான் பொருள். வெப்பமே படவில்லை என்பதல்ல. சூடு காட்டாமல் கையால் உடைத்த முந்திரியும் உண்டு, ஆனால் அரிது, விலையும் அதிகம். பாதாமும் இப்படித்தான். கலிபோர்னிய பாதாம் வழியாகச் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி பரவிய சம்பவங்களுக்குப் பிறகு, 2007 முதல் அமெரிக்காவில் விற்கும் அந்தப் பாதாமை ஆவியாலோ வேறு முறையாலோ கிருமிநீக்கம் செய்வது கட்டாயம். அதன் பிறகும் பொட்டலத்தில் 'ரா' என்றே போட்டுக்கொள்ளலாம்.

'ரா சாக்லேட்' இன்னும் சுவாரசியம். கோகோ விதையை வறுப்பதில்லை என்பது சரி. ஆனால் அதற்கு முன்பே தோட்டத்தில் குவித்துப் புளிக்கவிடும்போது அந்தக் குவியல் தானாகவே 45 முதல் 50 டிகிரி வரை சூடேறும். அடுப்பே இல்லாமல் வரம்பைத் தொட்டுவிடுகிறது! இனிப்புக்கு ஊற்றும் மேப்பிள் பாகு, சுமார் 40 லிட்டர் மரச்சாற்றைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி ஒரு லிட்டராக்கியது. சீஸ் வாசனைக்குத் தூவும் ஊட்ட ஈஸ்ட், சூட்டில் செயலிழக்கச் செய்யப்பட்டது. சோயா சாஸ் பாஸ்டுரைசேஷன் செய்யப்படாத வகையாகவே இருந்தாலும், அதற்கான சோயா வெந்துதான் ஆக வேண்டும். பிளெண்டரையும் விட்டுவிடக் கூடாது. அதிவேக பிளெண்டரை ஐந்தாறு நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினால் உராய்விலேயே சூப் ஆவி பறக்கச் சூடாகிவிடும். அடுப்பை வாசல் வழியாக அனுப்பிவிட்டு மோட்டார் வழியாக உள்ளே கூட்டி வந்த கதை.

இதையெல்லாம் குற்றப்பத்திரிகையாக நான் வாசிக்கவில்லை. பெரும்பாலான ரா சமையல்காரர்களுக்கு இது தெரியும், கேட்டால் ஒப்புக்கொள்வார்கள். நேர்மையான இடங்கள் மெனுவிலேயே 'இது முழுக்க ரா அல்ல' என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடுகின்றன. என்னைப் பொறுத்தவரை அந்த நட்சத்திரக் குறிகள் அதிகம் உள்ள மெனுதான் நம்பகமான மெனு.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாத இடம் ஒன்று உண்டு: கிருமி. உணவுப் பாதுகாப்பில் 5 முதல் 60 டிகிரி வரையிலான பகுதியை ஆபத்து வட்டம் என்பார்கள். பாக்டீரியாக்கள் சௌக்கியமாகப் பெருகும் பகுதி. டீஹைட்ரேட்டரின் 45 டிகிரி அதற்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால் எது காப்பாற்றுகிறது? வேகமாக நீரை இறக்கிவிடுவது, புளிப்பு, உப்பு, குளிர், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுத்தம். மெல்லிய பிஸ்கட் விரைவில் காய்ந்து கிருமிக்குத் தண்ணீர் இல்லாமல் செய்துவிடும். தடிமனான 'ரொட்டி' உள்ளே ஈரமாகவே பல மணி நேரம் கிடக்கும், அதில்தான் கவனம் வேண்டும். கொட்டை சீஸ் சரியாகப் புளிக்காவிட்டாலோ, மூலப்பொருளிலேயே கிருமி இருந்தாலோ, பின்னால் அதைக் கொல்ல ஒரு படியும் இல்லை. 2014-லும் 2021-லும் அமெரிக்காவில் முந்திரியில் செய்த வீகன் சீஸ் வழியாகச் சால்மோனெல்லா பரவியது.

முளைகட்டிய பயறு ஆரோக்கியத்தின் சின்னம் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் விதை முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும்தான் பாக்டீரியாவுக்கும் தேவை. 2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலை பரவி 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணை கடைசியில் போய் நின்றது வெந்தய முளையில். கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், சின்னக் குழந்தைகள் ஆகியோர் பச்சை முளைகளைத் தவிர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்வது இதனால்தான். சமைக்காமல் சாப்பிடவே கூடாத பொருள்களும் உண்டு. சிவப்பு ராஜ்மாவில் உள்ள லெக்டின் கொதித்தால்தான் அழியும். குறைந்த சூட்டில் அரைகுறையாக வெந்தால் இன்னும் மோசம். மோரெல் காளானைப் பச்சையாகவோ சரியாக வேகாமலோ பரிமாறியதால் 2023-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 51 பேர் பாதிக்கப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். அது ரா வீகன் உணவகம் அல்ல, ஆனால் பாடம் எல்லாருக்கும் ஒன்றுதான். தொழில் தெரிந்த ரா சமையல்காரர் எதைப் பச்சையாகக் கொடுக்கலாம் என்பதைவிட எதைக் கொடுக்கக் கூடாது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார்.

கொட்டை ஒவ்வாமை உள்ளவருக்கு நான் வெளிப்படையாகச் சொல்வேன்: பெரும்பாலான ரா உணவகங்கள் உங்களுக்கான இடம் அல்ல. சாஸில், சீஸில், கேக்கின் அடித்தளத்தில், 'பாலில்' எல்லாவற்றிலும் கொட்டை. அதே பிளெண்டரில்தான் மற்றதும் அரைபடுகிறது. பால் வேண்டாம், குளூட்டன் வேண்டாம் என்பவர்களுக்குச் சொர்க்கம். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நேர் எதிர்.

ஒரு வேளைச் சாப்பாட்டையும் வாழ்நாள் உணவுமுறையையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு மாலை ரா உணவகத்தில் சாப்பிடுவதால் ஆரோக்கியமான யாருக்கும் சத்துக்குறைவு வந்துவிடாது. வருடக்கணக்கில் அதையே சாப்பிடுவது வேறு விஷயம். 1999-ல் ஜெர்மனியில் நீண்டகாலம் ரா உணவு உண்டவர்களை ஆராய்ந்தபோது, எடை கணிசமாகக் குறைந்திருந்தது. 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் ஓரளவோ முழுவதுமாகவோ நின்றிருந்தது. சமைக்காத உணவிலிருந்து உடம்பு எடுக்கும் ஆற்றல் குறைவு என்பதற்கு ஹார்வர்டின் ரிச்சர்ட் ராங்கம் இதைத்தான் சான்றாகக் காட்டுகிறார். மனித இனம் உருவானதிலேயே நெருப்புக்குப் பங்கு உண்டு என்பது அவர் வாதம். வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பும்படி கிடைக்காது. அது ராவுக்கு மட்டுமல்ல, எல்லா வீகன்களுக்கும் பொருந்தும்.

சரி, போய் உட்கார்ந்தாயிற்று. என்ன வாங்குவது? முதல் தடவை போகிறவர்கள் செய்யும் தவறு, பசியோடு எல்லாவற்றையும் 'காய்கறிதானே' என்று ஆர்டர் செய்வது. 100 கிராம் முந்திரியில் சுமார் 550 கலோரி. சீஸ் தட்டு, லசாஞ்ஞா, சீஸ்கேக் என்று மூன்றையும் வரிசையாகச் சாப்பிட்டால் மூன்று வேடத்தில் வந்த ஒரே முந்திரியைத்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள். வயிறு அதை இரவு முழுக்க ஞாபகப்படுத்தும். ஒரு கொட்டை வகை, ஒரு காய் வகை, புளித்தது ஏதாவது ஒன்று என்று கலந்து வாங்கினால் நாக்கும் சலிக்காது. நார்ச்சத்து பழகாத குடலுக்கு வாயுத் தொல்லையும் சகஜம், மறுநாள் முக்கியமான கூட்டம் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். மெல்லவும் நேரம் எடுக்கும். அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டிய நாளில் இங்கே போகாதீர்கள்.

'பீட்சா', 'பர்கர்' என்று மேற்கோள் குறிக்குள் வரும் பெயர்களை முடிந்தவரை தவிர்ப்பது என் வழக்கம். பெயர் ஓர் எதிர்பார்ப்பைக் கிளப்பிவிடுகிறது. காய்ந்த ஆளி விதைத் தகடு அந்த எதிர்பார்ப்போடு போட்டி போட்டு ஜெயிப்பதே இல்லை. தன் சொந்தப் பெயரில் வருபவை பெரும்பாலும் நன்றாக இருக்கும். குளிர்ந்த தக்காளிச் சூப், ஊறிய காளான், கனிந்த அவகாடோ, பழத்தையே உறையவைத்து அரைத்த ஐஸ்க்ரீம். நெருப்பு கொடுத்ததைப் போலி செய்யாமல், நெருப்பு இருந்தால் போய்விடும் நறுமணத்தையும் மொறுமொறுப்பையும் முன்னே வைக்கும் வகைகள் அவை. அந்த இடங்களில்தான் இந்தச் சமையல் தன் காலில் நிற்கிறது.

கடைசியாக, சாப்பிட்டு முடித்ததும் காபி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். காபிக் கொட்டை 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் வறுபட்டது. கொள்கைப்படி உள்ளேயே வரக் கூடாது. சில இடங்களில் 'எங்களிடம் இல்லை' என்று மூலிகை நீரைக் காட்டுவார்கள். சில இடங்களில் குளிர்ந்த நீரில் இரவெல்லாம் ஊறவைத்து எடுத்ததாக்கும் என்று ஒரு கோப்பையை நீட்டுவார்கள், வறுத்ததைப் பற்றிப் பேச்சே எடுக்காமல். நான் முதலில் சொன்ன அந்த 45 டிகிரி உணவகத்தில், கேட்டவுடன் ஆவி பறக்கும் காபியே வந்தது. இது எப்படி என்று கேட்டேன். "சார், சமையல்காரர் குடிக்க வேண்டாமா?" என்றார் பரிமாறியவர்.